பாடசாலையும் அயலும்: கிராண்ட்பாஸ் மாணவர் சுகநலம் பற்றிய ஒரு நோக்கு

கொழும்பு மாநகரின் வடவெல்லையிலே களனி கங்கையை அணைந்து கிடப்பது கிராண்ட்பாஸ். பெருங்கடவை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொற்றொடரே மருவி இப்பெயராயிற்று. கண்டிக்குஞ் செல்வோர், நீர்கொழும்புக்குஞ் செல்வோர் ஆற்றைக் கடந்த துறை இதுவே. 1822 ஆம் ஆண்டில் இவ்விடத்திலே ஓடங்களை வரிசையாகப் பிணைத்து ஒரு மிதவைப் பாலம் அமைக்கப்பட்டது. 1895 இல் விக்டோரியா பாலம் எழுந்த பின்னரே அது மறைந்தது. ஆறு இவ்வூருக்குப் பெயரைத் தந்ததோடு அமையவில்லை. கொழும்பை நெருங்கும் களனி வெள்ளத்தை அளந்தறிதற்குரிய நீர்மட்ட அளவுகோல் இன்றும் நாகலகம் வீதியிலேயே இருக்கின்றது. மழைக்காலத்தில் வானொலி அந்த அளவைச் சொல்லும்போது, பள்ளத்திலுள்ள வீடுகளிற் புத்தகப் பைகள் கட்டிலின்மேல் ஏறும்.

துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் வேலை செய்வோர், புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகள், முச்சக்கரவண்டி ஓட்டுவோர், வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள் எனத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இங்கு நெருங்கி வாழ்கின்றனர். அவர்களுட் பலரின் இருப்பிடம் "தோட்டம்" எனப்படும். வெளியூரார் இச்சொல்லைக் கேட்டு மரநிழலை எண்ணிவிடலாகாது. கொழும்பு வழக்கிலே தோட்டம் என்பது, ஒரு குறுகிய ஒழுங்கையின் இருமருங்கும் சுவரோடு சுவராக ஒட்டிநிற்கும் வீட்டு வரிசையாகும். பல குடும்பங்களுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயும் பொதுவான மலசலகூடமும் அதன் பழைய இலக்கணங்கள். மாடிக் குடியிருப்புகள் எழுந்து பல குடும்பங்கள் இடம்மாறியுள்ளன எனினும், இவ்வகைத் தோட்டங்கள் அற்றொழிந்துவிடவில்லை.

ஒரு பிள்ளை நாளொன்றில் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் பாடசாலையிலிருக்கின்றது. எஞ்சிய பதினெட்டு மணித்தியாலமும் அதன் உடல் தோட்டத்துக்குரியது. இவ்வெளிய கணக்கை மறந்தமையாலேயே மாணவர் சுகநலம் பற்றிய நன்முயற்சிகள் பல பாதிவழியில் நின்றுபோயின என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையிற் பாடசாலை மருத்துவச் சேவை குறைவுடையதன்று. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதார பரிசோதகரும் ஆண்டுதோறும் பாடசாலைக்கு வருதல் வேண்டும் என்பது விதி. இருநூறுக்கு மேற்பட்ட மாணவரைக் கொண்ட பாடசாலைகளில் 1, 4, 7, 10 ஆந் தரத்துப் பிள்ளைகளும், சிறிய பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் பரிசோதிக்கப்படுவர். கொழும்பு நகரிலே இப்பணி மாநகரசபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தைச் சார்ந்தது. நிறையும் உயரமும் அளக்கப்படும். ஆறு மீற்றர் தூரத்தில் எழுத்து அட்டையைத் தூக்கிக் கண் பார்க்கப்படும். காது, பல், தோல், இருதயம் என்பன ஆராயப்படும். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் வழங்கப்படும். உரிய தரங்களில் தடுப்பூசி ஏற்றப்படும். 2017 தொடக்கம் 6 ஆந் தரத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கெதிரான ஊசியும் இவற்றோடு சேர்ந்தது. இவையனைத்தும் இலவசம். வளமுள்ள நாடுகள் சிலவற்றிலும் இத்துணை ஒழுங்கு இல்லை எனலாம்.

ஆயின் பரிசோதனை என்பது குறையைக் கண்டுபிடித்தலேயன்றிக் குறையைத் தீர்த்தலன்று. குறை காணப்பட்ட பிள்ளையின் கையில் வைத்தியர் ஒரு சீட்டைக் கொடுக்கின்றார். இன்ன கிளினிக்குக்குப் பிள்ளையை அழைத்துச் செல்க என்பது அதன் சாரம். அந்தச் சீட்டு வைத்தியசாலையைச் சென்றடைகின்றதா என்பதிலேயே முழு முயற்சியின் பயனுந் தங்கியிருக்கின்றது.

சீட்டின் பயணத்தைச் சற்று உடன்சென்று பார்த்தல் தகும். அது முதலிற் புத்தகப் பைக்குள்ளே கணக்குக் கொப்பியின் இடையிற் செல்கின்றது. பெற்றாரிடம் காட்டும்படி பிள்ளைக்குச் சொல்லப்பட்டது உண்மை. எனினும் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன் கண்ணிற் குறையுண்டு என்பது தெரியாது. உலகம் எல்லார்க்கும் அவ்வாறே மங்கலாகத் தெரிகின்றது என்றே அது நினைக்கின்றது. சீட்டைத் தாய் கண்டாலும், வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு சொற்களை அவர் வாசித்தறிய இயலாதிருக்கலாம். வாசித்துச் சொல்ல அயலில் ஒருவர் கிடைத்தாலும், கிளினிக் நடைபெறும் நாள் வேலைநாளாகும். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு ஒரு காலைப்பொழுது என்பது அன்றைய இரவுச் சோறு. அதனையும் இழந்து வரிசையில் நின்று பார்த்து முடிந்தாற் கண்ணாடிக்கு விலை கேட்பர். இத்தனை படிகளுள் ஒன்றிற் கால் தவறினும் சீட்டு வீணாகின்றது. அடுத்த பரிசோதனை மூன்று ஆண்டுகளின் பின்னரே வரும்.

அந்த மூன்று ஆண்டுகளில் நிகழ்வதுதான் கொடிது. கரும்பலகை தெரியாத பிள்ளை பார்த்தெழுதுவதிற் பின்தங்குகின்றது. பின்தங்கிய பிள்ளை பின்வாங்கிற்கு அனுப்பப்படுகின்றது. அங்கிருந்து பலகை இன்னுந் தெரியாது. "மந்தம்" என்ற சொல் ஆசிரியர் வாயிலிருந்து முன்னேற்ற அறிக்கைக்கும், அறிக்கையிலிருந்து பிள்ளையின் நெஞ்சுக்குஞ் செல்கின்றது. ஒரு காதில் நாட்பட்ட சீழ் வடியும் பிள்ளைக்கும் இதுவே கதி. இத்தகைய பிள்ளைகள் 10 ஆந் தரத்துக்கு முன்னரே பாடசாலையை விட்டுச் சந்தையில் வேலைக்கு அமர்வதைக் காண்போர், அதனை வறுமையின் விளைவு என்றே எழுதிவைப்பர். வறுமையின் பங்கு பெரிதே. ஆயினும் அதனோடு ஒரு துண்டுக் காகிதத்தின் பங்கும் உண்டு.

பாடசாலையில் மாத்திரம் மருந்து கொடுத்து, இருப்பிடத்தை விட்டுவிடுதல் பயனற்றது என்பதை இலங்கை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பெருஞ்செலவிற் கற்றுக்கொண்டது. 1916 இல் றொக்பெல்லர் தாபனத்தார் இந்நாட்டின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். அப்புழுவினால் இரத்தம் வற்றி நலிந்தோருட் பெரும்பாலார் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டது, புழு வெளியேறியது. ஆனால் லயங்களை அடுத்து மலசலகூடங்கள் போதிய அளவு கட்டப்படவில்லை. புழுவின் குடம்பிகள் ஈரமண்ணிற் காத்திருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து மீண்டும் உட்புகுந்தன. மருந்துண்டவரே மறுபடியும் நோயாளராயினர். இந்த அனுபவத்தின் பின்னரே, ஒரு நோயை மாத்திரந் துரத்துவதை விட்டு, ஓர் ஊரின் முழுச் சுகவாழ்வையும் ஒருங்கே கவனிக்கும் முறை ஆராயப்பட்டது. 1926 இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பகுதி அதன் பயனாகும். தாய்சேய் நலம், மலசலகூடம், தொற்றுநோய்த் தடுப்பு, பாடசாலைப் பரிசோதனை ஆகிய யாவும் ஒரே அதிகாரியின் கீழ், வரையறுத்த ஒரு நிலப்பரப்பில் நடைபெறும் அம்முறையே பின்னர் நாடெங்கும் பரவியது. பாடசாலையையும் வீட்டையும் ஒரே கண்ணாற் பார்க்க வேண்டும் என்பது அதன் உயிர்நிலைக் கருத்து. நடைமுறையில் அக்கருத்துச் சற்றுத் தளர்ந்துவிட்டது. அலுவலகப் பதிவேடுகள் வேறுவேறாகப் பிரிந்ததும் பிள்ளையும் வேறுவேறாகப் பிரிக்கப்பட்டுவிட்டது.

இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்வோம். இரத்தச்சோகையுள்ள பிள்ளை சோர்வுறும்; கவனம் நிலைக்காது; படியேறினால் மூச்சு வாங்கும். வாரமொரு முறை பாடசாலையில் மாத்திரை கொடுத்து இதனைப் போக்கலாம் என்பது திட்டம். தோட்டத்துப் பிள்ளையின் காலையுணவோ பெரும்பாலும் ஒரு துண்டுப் பாணும் ஒரு கோப்பை வெறுந்தேநீரும் ஆகும். தேயிலையிலுள்ள துவர்ப்புப்பொருள் இரும்போடு பிணைந்து, அது குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றது. ஆதலின் தேநீரோடு சேர்ந்த மாத்திரையின் பயன் பெரிதுங் குறையும். தேசிப்புளியும் கொய்யாப்பழமும் இதற்கு மாறாக இரும்பை ஏற்க உதவுவன. நெத்தலிக் கருவாடும் பருப்பும் கீரையும் விலையிற் பெரிதும் எட்டாதனவல்ல. இச்செய்தி விஞ்ஞானப் பாடநூலில் இருக்கின்றது. அடுப்படியில் நிற்கும் தாய்க்குச் சொல்லுவார் யார்? மாத்திரையை உண்பது பிள்ளை. அதன் பயனைத் தீர்மானிப்பது தாயின் தேநீர்க் கேத்தல்.

நுளம்பினால் வரும் நோய்களில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகின்றது. கொழும்பின் ஒழுங்கைகளில் இருவகை நுளம்புகள் குடியிருக்கின்றன. கியூலெக்ஸ் என்பது மலக்குழியிலும் அடைபட்ட கானிலும் தேங்கும் அழுக்குநீரிற் பெருகி இரவிற் கடிப்பது. யானைக்கால்நோயைப் பரப்பியது அதுவே. பல்லாண்டு முயற்சியின் பின், அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாக 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. மற்றையது ஈடிஸ். இது தூயநீரை விரும்புவது. பூச்சாடித் தட்டு, கூரைப்பீலி, கைவிட்ட ரயர், தயிர்ச்சட்டி, சிரட்டை என்பவற்றில் ஒரு கையளவு மழைநீர் இதற்குப் போதும். "எங்கள் வீட்டிற் சாக்கடை இல்லை, ஆகவே டெங்கு வராது" என்று எண்ணுவோர் முதலாம் நுளம்பின் இலக்கணத்தை இரண்டாம் நுளம்புக்குப் பொருத்துகின்றனர். படித்தவரிடத்தும் இம்மயக்கம் காணப்படுகின்றது.

ஈடிஸ் பகலில், சிறப்பாகக் காலையிலும் பிற்பகலிலும் கடிப்பது. காலைப் பொழுது பாடசாலை கூடும் நேரம். முட்டையிலிருந்து சிறகு முளைக்கும்வரை ஏழு தொடக்கம் பத்து நாட்கள் செல்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை துப்புரவு செய்க என்ற விதிக்கு ஆதாரம் இதுவே. பத்து நாளுக்கு ஒருமுறை செய்தால் ஒரு தலைமுறை பறந்துபோய்விடும். முட்டையோ உலர்ந்த பாத்திரத்தின் சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் உயிர்தரித்து அடுத்த மழையிற் பொரிக்க வல்லது. ஆதலால் நீரைக் கவிழ்த்தால் மாத்திரம் போதாது, பாத்திரத்தை உரசிக் கழுவுதலும் வேண்டும். இந்நுளம்பு நெடுந்தூரம் பறப்பதன்று. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு யாருக்குள்ளேயே வாழ்ந்து முடிகின்றது. அப்படியாயின் பாடசாலையிற் கடிக்கும் நுளம்பு பாடசாலையிற் பிறந்தது, அல்லது மதிலுக்கு அப்பாலுள்ள தோட்டத்திற் பிறந்தது. பாடசாலை எத்துணைதான் பெருக்கப்பட்டாலும், மதிலுக்கு அப்பால் நீர்ப்பீப்பா மூடப்படாதிருக்குமாயின் பயனில்லை. குழாய்நீர் நேரத்துக்கு வராத தோட்டங்களிற் பீப்பாவில் நீர் சேமித்தல் தவிர்க்கவியலாதது. மூடி வாங்குவதற்கு வழி சொல்லாது பீப்பாவைப் பழிப்பது நியாயமுமன்று.

குப்பையின் கதையும் இதனோடு ஒட்டியது. நகரின் கழிவுகள் பல ஆண்டுகள் கிராண்ட்பாசுக்கு அணித்தாகவுள்ள புளூமெண்டால் மேட்டிலேயே கொட்டப்பட்டன. 2009 இல் அது நிறுத்தப்பட்டபின் அவை மீதொட்டமுல்லைக்குச் சென்றன. 2017 ஏப்ரல் 14 ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தில், அம்மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் குப்பை கொட்ட இடமின்றி நகரெங்கும் தேங்கியது, பருவமழையுந் தொடர்ந்தது. அவ்வாண்டில் இலங்கையில் 186,101 டெங்கு நோயாளர் பதிவாயினர். இந்நாடு கண்ட மிகப்பெரிய டெங்குப் பரவல் அதுவேயாகும். ஏழைகளின் கொல்லையிற் பிறந்த நோய் என அதனைச் சொல்லுதல் தவறு. பெருவீடுகளின் குப்பையே ஏழைகளின் கொல்லைக்கு வந்தது.

இன்னொரு நோயைப் பற்றி மெல்லிய குரலிலேயே பேசுவர். பாலத்தைக் கடந்து சிறிது தூரஞ் சென்றால் ஹெந்தளை. அங்கே ஒல்லாந்தர் 1708 இல் அமைத்த தொழுநோய் வைத்தியசாலை உள்ளது. 1995 அளவில் இந்நோய் பதினாயிரவருக்கு ஒருவர் என்ற எல்லைக்குக் கீழே கொண்டுவரப்பட்டது. எனினும் அதன் பின்னரும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் நாட்டிற் கண்டறியப்பட்டு வந்துள்ளனர், அவருட் சிறுவரும் உளர். உணர்ச்சியற்ற ஒரு வெளிறிய தழும்பே முதற்குறி. கூட்டு மருந்துகளை ஆறு மாதமோ ஓராண்டோ ஒழுங்காக உட்கொண்டால் முற்றுங் குணமாகும். மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் நீங்கிவிடும். மருந்துக்கு அகப்படாதது நாணம் ஒன்றே. இத்தகைய பிள்ளைக்குரிய சீட்டை வகுப்பின் நடுவே உரத்து வாசித்துக் கொடுக்கும் ஓர் ஆசிரியர், வைத்தியர் செய்த நன்மையை ஒரு நொடியில் அழித்துவிடக்கூடும். அப்பிள்ளை மறுநாள் வராது. தோட்டத்தில் அதன் குடும்பம் கதவடைத்துக்கொள்ளும்.

ஊரார் துணையின்றிப் பாடசாலை நடைபெறாது என்னும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடியரிசி சேர்க்கப்பட்டது. சோறு சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் இடுதலே அம்முறை. கொடுப்போர்க்குப் பாரமில்லை, பள்ளிக்கூடமோ நின்றது.

இப்பிடியரிசியைப் பேரளவில் ஓர் அரசாங்கமே கைக்கொண்டமையைத் தமிழ்நாட்டிற் காணலாம். சென்னை மாநகராட்சி 1920 இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கியதாயினும், 1956 இல் முதலமைச்சர் காமராசர் எட்டயபுரத்திலே தொடக்கிய திட்டமே மாநிலமெங்கும் பரவியது. முதலில் அது பெரிதும் ஊராரின் கொடையால் நடந்தது. பின்னர் ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துப் பைசா என்று கணக்கிட்டு, அதில் ஆறு பைசாவை அரசும் நான்கு பைசாவை ஊராரும் ஏற்றனர். கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊரூராகக் கூட்டினார். 1958 இல் கடம்பத்தூரில் அவை தொடங்கின. காணி, கட்டடம், கரும்பலகை, சீருடை, அரிசி எனத் தத்தம் இயன்றதை மக்கள் அங்கே கொடுத்தனர். அந்த நான்கு பைசா எல்லா ஊரிலும் எக்காலமும் ஒரே சீராக வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது மிகை. 1982 இன் சத்துணவுத் திட்டமும் 2022 இன் காலைச் சிற்றுண்டித் திட்டமும் அரசின் பொறுப்பாகவே அமைந்தன. ஊராரை நம்பி அரசு கைகழுவலாகாது என்பதும், அரசை நம்பி ஊரார் கைகட்டலாகாது என்பதும் அவ்வரலாற்றில் ஒருங்கே அடங்கியுள்ளன.

இலங்கைப் பாடசாலைகளில் ஒருகாலத்திற் பாலும் பணிசும் கொடுக்கப்பட்டன. 1989 இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. பிற்காலத்தில் உணவு சமைத்துக் கொடுக்கும் பணி பெரும்பாலும் அயலிலுள்ள பெண்களிடமே விடப்பட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடி அப்பெண்களையே முதலில் தாக்கியது. பிள்ளையொன்றுக்கு 30 ரூபா என்றிருந்த தொகையில் ஒரு முட்டையும் வாங்க முடியாதாயிற்று. பலர் விலகினர், விலகாதோர் கடைக்காரனிடம் கடன் வைத்துச் சமைத்தனர். பின்னர் அத்தொகை நூறு ரூபாவுக்கு மேல் உயர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும் இடைக்காலத்தில் வகுப்பு இடாப்பிற் புள்ளியிட்ட ஆசிரியர், எந்தெந்தப் பிள்ளை உணவுள்ள நாளில் மாத்திரம் வருகின்றது என்பதைக் கண்டிருப்பர்.

கிராண்ட்பாஸ் போன்ற ஒரு பகுதியிற் செய்யத்தக்கவை அரியனவல்ல. பெற்றார் கூட்டத்தை வேலைநாட் காலையிற் பாடசாலை மண்டபத்திற் கூட்டி, "பெற்றாருக்கு அக்கறையில்லை" என்று எழுதுவதைவிட, ஞாயிறு மாலையிற் தோட்டத்துக்குள்ளேயே கூட்டலாம். ஒரே ஒழுங்கையைச் சுற்றிக் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைத் தொழுகையின் பின்னரோ, ஞாயிறு பூசையின் பின்னரோ, கோவிற் பூசை முடிவிலோ, அடுத்த வாரம் பாடசாலையில் ஊசி ஏற்றப்படும் என்ற அறிவித்தலை உரியவர் சொன்னால் வதந்திக்கு இடமிராது. ஊசியைப் பற்றிய பொய்ச்செய்தி, ஊசி ஏற்ற வருவோருக்கு முன்னரே தோட்டத்தை அடைந்துவிடுவது அனைவரும் அறிந்ததே. கோவில்களில் அன்னதானத்துக்குக் குறைவில்லை. திருவிழா நாளிற் பலமுறை உண்டவர்க்கே மீண்டும் படைக்கும் சோற்றில் ஒரு பங்கு பள்ளி நாட்களுக்குத் திரும்புமாயின் இறைவன் கோபிக்கமாட்டான்.

பழைய மாணவர் சங்கங்களைப் பற்றியும் ஒரு சொல். வாயில் வளைவு கட்டுவதிலும், அதன் நெற்றியிற் பெயர் பொறிப்பதிலும், ஆண்டு விருந்து நடத்துவதிலும் அவை காட்டும் ஊக்கம் போற்றத்தக்கதே. நகரத்துக் கல்லூரிகள் சிலவற்றின் பழைய மாணவருள் வைத்தியரும் தாதியரும் கண்ணாடிக் கடைக்காரரும் பலர் உளர். ஒரு வளைவின் செலவில் எத்தனை பிள்ளைகளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கலாம் என்பதை அவர்களே கணக்கிட்டறிதல் நன்று. கண்ணாடியில் ஒருவர் பெயரும் பொறிக்க முடியாது என்பது மாத்திரமே அதிலுள்ள குறை.

இவற்றுக்கெல்லாம் முன்னர்ச் செய்யவேண்டியது ஒன்றுண்டு, அதற்குச் செலவுமில்லை. வகுப்பாசிரியர் ஒரு கொப்பியில் நான்கு நிரல் வரைந்துகொள்ள வேண்டும். முதல் நிரலிற் பிள்ளையின் பெயர். இரண்டாவதில் வைத்தியர் கொடுத்த சீட்டின் நாளும் குறையும். மூன்றாவதில், கிளினிக்குக்குச் சென்றார்களா என்பது. நான்காவதில், செல்லவில்லையாயின் யார் உடன் செல்வது என்பது. அந்த நான்காம் நிரலில் அயல்வீட்டு மாமியின் பெயர் வரலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் ஒருவரின் பெயர் வரலாம். வேலையில் ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் பழைய மாணவரின் பெயரும் வரலாம். கொப்பி பூட்டிய அலுமாரியில் இருத்தல் வேண்டும். அதிலுள்ளதை வகுப்பில் வாசித்தலாகாது. மாதமொரு முறை அதிபர் மூன்றாம் நிரலைப் பார்த்து ஒப்பமிட்டாற் போதும். சில பாடசாலைகளிற் பொதுச் சுகாதார பரிசோதகரே இத்தகைய குறிப்பைக் கேட்டுப் பார்ப்பதுண்டு. ஏனையவற்றில், வைத்தியரின் வாகனம் வாயிலைக் கடந்ததும் மேசைகள் பழைய இடத்துக்கு இழுக்கப்படுகின்றன. எழுத்து அட்டை சுருட்டி வைக்கப்படுகின்றது. மணி அடிக்க, சீட்டுகள் பைகளுக்குள் வீட்டுக்குப் புறப்படுகின்றன.